ஏழு பெரிதா, இரண்டு பெரிதா?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்திலுள்ள ஒரு சங்கத்திற்கு ஆய்வு நிமித்தம் நாம் சென்றிருந்தோம். பேரேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபொழுது, சின்ன வெங்காயம் பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் திண்ணையில் வந்தமர்ந்தார். அவர் சங்கத்தில் பங்கு செலுத்தியவர், பட்டா உடையவர், பயிர்க்கடன் பெறுவதற்கு யாதொரு தடையும் இல்லாதவர். அப்படியிருந்தும், 50,000 ரூபாயை வெளியில் தனியார் ஒருவரிடம் கடனாகப் பெற்றிருந்தார். காரணம் யாதென்று வினவினோம். அவர் சற்றும் தயங்காமல், "ஐயா, நம் சங்கத்தில் வட்டி ஏழு; வெளியில் வட்டி இரண்டு. ஏழு பெரிதா, இரண்டு பெரிதா? பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லுமே!" என்றார்.

இரண்டைவிட ஏழு பெரிது என்பதில் நமக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆயினும் அவர் அந்தக் கணக்கில் பல ஆயிரம் ரூபாயை இழந்துகொண்டிருந்தார். அவருக்கு நாம் அளித்த விடையைப் பின்னர் கூறுவோம். எண் என்பது ஒன்றே போலத் தோன்றினும், அது செய்யும் வேலை இடத்துக்கு இடம் மாறும் என்பதை அன்றுதான் நாமும் ஊன்றி எண்ணிப் பார்த்தோம். அவ்வாறு எண்ணியவற்றை நெசவும் உழவும் செய்யும் நம் அங்கத்தினர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில எண்கள் வெறும் பெயர்களே. பெரம்பலூர் வண்டியில் 46 என்றும், அரியலூர் வண்டியில் 61 என்றும் எழுதியிருக்கிறது. அதனால் அரியலூர் பெரம்பலூரைவிடப் பெரிது என்று எவரும் கொள்வதில்லை. 1995-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-இல் மீண்டும் இணைந்தது. 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. நிலத்தின் சர்வே எண், சங்கத்தின் அங்கத்தினர் எண், குடும்ப அட்டை எண் ஆகிய யாவும் இவ்வகையே. இவற்றைக் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது. 200-ஆம் எண் அங்கத்தினர் 100-ஆம் எண் அங்கத்தினரைப்போல இருமடங்கு மனிதர் அல்லர். இருப்பினும், எட்டு தமக்கு ஆகாது என்று கூறி, தம் அங்கத்தினர் எண்ணை மாற்றித் தருமாறு கேட்டவரையும் நாம் கண்டிருக்கிறோம். எட்டாம் எண்ணை வேறு எவருக்குக் கொடுப்பது என்று கேட்டோம். அதற்கு அவர் விடை சொல்லவில்லை.

பெயராக நிற்கும் எண்ணிலும் சிலவற்றுள் ஒழுங்கு ஒன்று மறைந்திருப்பதுண்டு. 1972 ஆகஸ்டு 15 முதல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். பெரம்பலூருக்கு 621212, அரியலூருக்கு 621704, ஜயங்கொண்டத்துக்கு 621802. முதலில் நிற்கும் 6 தமிழகத்தையும் கேரளத்தையும் உள்ளடக்கிய வட்டாரத்தைக் குறிக்கும். எனவே நம் கடிதம் வழி தவறாமல் வந்து சேர்கிறது.

அடுத்தது, எண்ணிப் பெறும் எண். களத்து மேட்டில் நெல் அளக்கும் பெரியவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவார். பிறகுதான் இரண்டு, மூன்று என்று செல்லும். கலியாண வீட்டு மொய்யில் நூற்றோடு ஒன்றும், ஐந்நூற்றோடு ஒன்றும் சேர்ந்து நிற்கும். அந்த ஒரு ரூபாய் கணக்கிற்காக வந்ததன்று, மரியாதைக்காக வந்தது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் ஒருவர் விரலை ஒருவர் பற்றி விலை பேசுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். அங்கே எண் காதிலும் விழாது, கண்ணிலும் படாது. மாட்டுக்கு உடையவர் அருகில் நின்றுகொண்டு தரகர் முகத்தையே பார்த்திருப்பார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து மறைமுக ஏலத்திலும் வியாபாரிகள் விலையை மறைத்தே எழுதுகின்றனர். ஆனால் சீட்டைப் பிரித்தபின் மிகுந்த விலையைப் பலரறியக் கூறுவர். இரண்டும் மறைவுதான், முடிவில் உடையவனுக்கு எண் தெரிகிறதா என்பதில்தான் வேறுபாடு. சங்கத்தின் பொதுக்குழுவிலோ எண்ணுவது கைகளை மட்டுமே. ஒரு பங்கு உடையவருக்கும் ஐம்பது பங்கு உடையவருக்கும் ஒரே வாக்கு. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடித் தொடங்கிய சங்கத்தின் வழியில் வந்த நெறி இது.

இனி, நெசவாளரும் முந்திரி விளைவிப்போரும் நாள்தோறும் கையாளும் தலைகீழ் எண்களுக்கு வருவோம். 40-ஆம் நம்பர் நூல், 60-ஆம் நம்பர் நூல், 100-ஆம் நம்பர் நூல் என்கிறோம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஏன்? அந்த நம்பர் நூலின் பருமனைக் குறிப்பதன்று. ஒரு ராத்தல் எடையில் 840 கெஜமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதைக் குறிப்பது. 60-ஆம் நம்பர் நூல் ஒரு ராத்தலில் 60 சிட்டம். அதாவது 50,400 கெஜம். ஏறத்தாழ 46 கிலோமீட்டர். பெரம்பலூர்த் தேரடியில் ஒரு முனையைக் கட்டி நீட்டிச் சென்றால், அரியலூரைக் கடந்தும் கையில் நூல் மிஞ்சும். எடை என்னவோ அரைக் கிலோவுக்கும் குறைவுதான்.

பட்டிலோ இந்த முறை அப்படியே திரும்பிவிடும். அங்கே 'டெனியர்' என்பது 9,000 மீட்டர் இழையின் எடையைக் கிராமில் கூறுவது. 20, 22 டெனியர் என்றால் அத்தனை நீள இழை 20 முதல் 22 கிராம் வரை நிற்கும் என்பது பொருள். ஆகவே டெனியர் ஏறினால் இழை தடிக்கும். இலையூர், வாரியங்காவல் பக்கங்களில் பருத்தித் தறியை விட்டுப் பட்டுத் தறியில் அமரும் இளைஞர்கள் முதல் வாரத்தில் தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

முந்திரிப் பருப்பின் தரங்களும் இவ்வாறே. 180, 210, 240, 320, 450 என்று பெட்டியின்மேல் எழுதியிருப்பது ஒரு ராத்தலில் நிற்கும் பருப்புகளின் எண்ணிக்கையின் மேல்வரம்பு. 320 என்னும் தரத்தில் ராத்தலுக்கு 300 முதல் 320 பருப்பு வரை இருக்கும். எண் சிறிதானால் பருப்பு பெரிது, விலையும் பெரிது. ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்து முந்திரிக்காட்டுக்காரர் ஒருவர், தம் பருப்பு 320-ஆம் தரத்திலிருந்து 240-ஆம் தரத்திற்கு 'இறங்கிவிட்டது' என்று கவலையோடு நம்மிடம் கூறினார். அவருடைய பருப்பு உண்மையில் ஏறியிருந்தது!

இவ்விடத்தில் நம் சொந்த அறியாமை ஒன்றையும் ஒப்புக்கொள்வது முறையாகும். உத்தியோகத்தில் சேர்ந்த முதலாண்டில், நெசவாளர் சங்கம் ஒன்றின் நூல் கையிருப்பைச் சரிபார்த்தோம். பதிவேட்டில் 60-ஆம் நம்பர் ஒற்றை நூல் 20 கட்டு. கட்டு ஒன்றுக்கு 5 கிலோ என்று நமக்கு முன் வந்த எவரோ ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அந்தக் கணக்கின்படி 100 கிலோ இருத்தல் வேண்டும். தராசில் ஏற்றினால் 90 கிலோ 720 கிராம்தான் நின்றது. 9 கிலோ 280 கிராம் குறைவு! சங்கச் செயலாளர் முகம் வெளுத்துப் போனார். நாமோ பெரிய குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில், அறிக்கை எழுதுவதற்குத் தாளை எடுத்துவிட்டோம்.

நெய்த சேலையை ஒப்படைப்பதற்காக வந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர் இதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, தராசை விடுங்கள், சிட்டத்தை எண்ணுங்கள்" என்றார். ஒரு கட்டைப் பிரித்து எண்ணினோம். 600 சிட்டம். "அறுபதாம் நம்பரில் அறுநூறு சிட்டம் இருந்தால் அது பத்து ராத்தல் கட்டுதானே? ஐந்து கிலோக் கட்டாயிருந்தால் அறுநூற்று அறுபதுக்குக் குறையாமல் இருக்கவேண்டுமே" என்று கூறிவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டார். பத்து ராத்தல் என்பது 4 கிலோ 536 கிராம். இருபது கட்டுக்கு 90 கிலோ 720 கிராம். ஒரு கிராமும் குறையவில்லை. குறைந்தது அந்தப் பென்சில் குறிப்பை நம்பிய நம் அறிவுதான். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம். அன்று அப்பெரியவர் சேலை கொண்டுவராமல் இருந்திருப்பின், குற்றமற்ற ஒரு செயலாளர் திருடர் என்னும் பெயரைச் சுமந்திருப்பார்.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் எடைகள் வந்தன; 1957 ஏப்ரல் முதல் நாளில் நயா பைசா வந்தது; அணாவும் பைசாவும் மறைந்தன. ஆனால் ராத்தல் நூல் நம்பருக்குள்ளும் முந்திரித் தரத்துக்குள்ளும் ஒளிந்துகொண்டு இன்றும் உயிரோடிருக்கிறது.

பருத்தி விளைவிப்போருக்கும் இத்தகைய ஒரு பொறி உண்டு. செய்தித்தாளில் பஞ்சு விலையைக் 'கண்டி' ஒன்றுக்கு இவ்வளவு என்று எழுதுவர். கண்டி என்பது சுமார் 356 கிலோ. அதுவும் விதை நீக்கிய பஞ்சு. நாம் விற்பனைக் கூடத்திற்குக் கொண்டுசெல்வதோ விதையோடு கூடிய பருத்தி, விலை குவிண்டாலுக்கு. ஒரு குவிண்டால் பருத்தியை அரைத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சாகும். ஆகவே ஒரு கண்டிப் பஞ்சுக்குச் சுமார் பத்தரைக் குவிண்டால் பருத்தி வேண்டும். இதனை அறியாதவர் செய்தித்தாள் விலையைப் பார்த்து மகிழ்வதற்கும் பொருளில்லை. வியாபாரி ஏமாற்றிவிட்டார் என்று வருந்துவதற்கும் பொருளில்லை.

முந்திரி என்றதும் நம் முன்னோர் கணக்கு நினைவுக்கு வருகிறது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த நம் பாட்டனார்க்கு முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். இன்றைய 320-ஆம் தரத்துப் பெரும்பருப்பு ஒன்று ராத்தலில் ஏறத்தாழ ஒரு முந்திரி ஆவது தற்செயலே. ஆயினும் நினைக்கும்தோறும் நமக்கு வியப்புத்தான்.

அந்தப் பின்னங்கள் எவ்வளவு தூரம் சென்றன என்பதைச் சோழர் காலம் காட்டும். நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தை எடுப்பித்த இராஜேந்திரனுடைய தந்தை இராஜராஜன் காலத்து நில அளவையில், வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடப்பட்டது என்று ஆய்ந்தோர் காட்டியுள்ளனர். முந்திரியை நான்கு முறை ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கி, வருவதை ஐந்தாகப் பகுத்தால் இந்தப் பின்னம் வரும். இதனைக் கேட்டு வியவாதார் இல்லை. நாமும் வியந்தோம், பிறகு காகிதத்தை எடுத்துக் கணக்கிட்டோம். வேலி என்பதை இன்று நாம் கொள்வதுபோல் ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டால், அந்தப் பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகு விழுந்தால் மறைந்துபோகும் நிலம்! எந்தக் கோலாலும் அதனை அளந்திருக்க முடியாது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பகுத்தபோது ஓலையில் எஞ்சிய மிச்சம் அது என்பதே நம் கருத்து. அளந்து பெற்ற எண் வேறு; கணக்கில் விளைந்த எண் வேறு. கணக்கர் அந்த மிச்சத்தையும் தள்ளாமல் எழுதினார் என்பதற்காக அவரைப் பாராட்டலாம். அத்துணை நுட்பமாக நிலத்தை அளந்தார் என்று பாராட்டுவது பொருந்தாது.

இன்றைய பட்டாவிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. பரப்பு என்னும் கட்டத்தில் 0 – 12.50 என்று கண்டால், பன்னிரண்டரை செண்டு என்று படிப்போர் பலர். மேலே தலைப்பில் ஹெக்டேர், ஏர் என்று எழுதியிருப்பதைப் பார்ப்பதில்லை. ஓர் ஏர் 100 சதுர மீட்டர். செண்டில் ஏறக்குறைய இரண்டரை. ஆகவே அந்த நிலம் கிட்டத்தட்ட 31 செண்டு. இந்த மயக்கத்தால் கடன் விண்ணப்பத்தில் தம் நிலத்தைப் பாதியினும் குறைத்து எழுதிக் குறைந்த கடனைப் பெற்றுச் சென்றவர் உண்டு. பாகப்பிரிவினையில் தம்பிக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டு, தாம் அறியாமலே பழி சுமந்த அண்ணனும் உண்டு.

பயிர்க் காப்பீட்டிற்காகச் செய்யும் அறுவடைப் பரிசோதனையில் எண் ஒன்று நானூறாக வளர்வதைக் காணலாம். நெல் வயலில் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கயிறு பிடித்து, அந்த 25 சதுர மீட்டரில் விளைந்ததை அறுத்து, அடித்து, நிறுத்து, ஹெக்டேருக்கு 400 மடங்காகக் கணக்கிடுவர். தராசில் 100 கிராம் தவறினால் கணக்கில் 40 கிலோ தவறும். அந்தக் கணக்கு ஒருவர் வயலோடு நில்லாது. அவ்வட்டாரத்தில் அப்பயிருக்குக் காப்பீடு செய்த அனைவரையும் அது தொடும். எனவே பரிசோதனை நடக்கும் நாளில், பிறர் வயல்தானே என்று வீட்டில் இருந்துவிடாமல், அருகில் சென்று நிற்குமாறு அங்கத்தினரை வேண்டுகிறோம். கயிறு தளர்ந்திருக்கிறதா, தராசு முதலில் சுழியில் நின்றதா என்று பார்ப்பதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை.

இனி வட்டிக்கு வருவோம். வட்டி என்னும் எண் தனித்து நிற்க மாட்டாது. எத்தனை ரூபாய்க்கு, எவ்வளவு காலத்துக்கு என்னும் இரு துணைகள் அதற்கு வேண்டும். வெளியில் 'இரண்டு வட்டி' என்பது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24. சங்கத்தின் 'ஏழு' என்பது நூறு ரூபாய்க்கு ஆண்டு முழுவதற்கும் ஏழு. மாதமும் ஆண்டும் வாயில் வாராமல் மறைந்துகொள்வதால், 24 சிறிதாகவும் 7 பெரிதாகவும் தோன்றுகின்றன.

இதனினும் கொடியது நாள் தண்டல். நெசவாளர் குடும்பம் ஒன்றில் இதனை நேரில் கண்டோம். கையில் தருவது 9,000 ரூபாய். நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் செலுத்தவேண்டும். "பத்தாயிரத்துக்கு ஆயிரம், பத்து விழுக்காடுதான்" என்று அக்குடும்பத்தார் நம்பியிருந்தனர். ஆனால் நாள்தோறும் 100 திரும்பிப் போவதால், அந்த 9,000 முழுவதும் நூறு நாளும் அவர்கள் கையில் இருப்பதில்லை. சராசரியாகப் பார்த்தால் 4,500 ரூபாய்தான் அவர்கள் உபயோகத்தில் இருக்கும். 4,500 ரூபாய்க்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 81 ஆகிறது. தறியில் அமர்ந்து பாவின் ஒவ்வோர் இழையையும் எண்ணிப் பிணைக்கும் கைகள், இந்த ஓர் எண்ணை எண்ணாமல் விட்டன.

வெங்காயக்காரரிடம் திரும்புவோம். அவர் புரட்டாசியில் கடன் பெற்று நடவு செய்தார். அறுவடையில் விலை சரிந்தது. பட்டறை போட்டு வைத்துக் காத்திருந்தார். நாம் சந்தித்த ஆடியில் பத்து மாதம் ஆகியிருந்தது. சங்கத்து மேசையிலிருந்த காகிதத்தில் அவரையே எழுதச் சொன்னோம். வெளிக் கடனுக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் பத்து மாத வட்டி 10,000. சங்கத்தில் பெற்றிருந்தால் அதே பத்து மாதத்துக்கு 2,917. பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பிச் செலுத்தியிருந்தால், நம் மாநிலத்தில் அந்த வட்டியையும் அரசே ஏற்றுக்கொள்வதால், அவர் கையிலிருந்து செல்வது ஒன்றுமில்லை.

அவர் வெகுநேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த சங்கத்தின் பலகையைச் சுட்டிக்காட்டி, "ஐயா, அதில் ஏழு என்றுதானே போட்டிருக்கிறது, வருஷத்துக்கு என்று ஒரு வார்த்தை எழுதக்கூடாதா?" என்றார். நிமிர்ந்து பார்த்தோம். 'பயிர்க்கடன் வட்டி 7%' என்று மட்டுமே இருந்தது. நாமும் செயலாளரும் பன்முறை அப்பலகையைக் கடந்து சென்றவர்கள்தாம்.

கார்த்திகையில் மீண்டும் அச்சங்கத்திற்குச் சென்றபொழுது பலகைக்குப் புதுச் சாயம் பூசியிருந்தார்கள். 'நூறு ரூபாய்க்கு மாதம் 58 காசு. தவணைக்குள் கட்டினால் அதுவும் இல்லை' என்று எழுதியிருந்தது.